வாய் குட்டை

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் மொத்தமே இரண்டு மேசைகள். ஜன்னலோரத்து மேசை என்னுடையது, அதில் ரத்தம். சுவரோரத்து மேசை அக்காவுடையது, அதில் மலம். பத்தொன்பது வருடம் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தோம். ரத்தம் பார்க்கிறவனுக்கு, மலம் பார்க்கிறவரைவிட ஒரு படி மேலே இருக்கிறோம் என்கிற நினைப்பு உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அக்கா என்னைவிடப் பதினோரு மாதம்தான் மூத்தவர். நான் வேலையில் சேர்ந்த அன்றே பிறந்த தேதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணி, "அப்ப நீ எனக்குத் தம்பி" என்று முடிவு கட்டிவிட்டார். அப்புறம் நான் எவ்வளவு நரை காட்டினாலும் தம்பிதான். மற்றவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நீளவாய். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பெயர் வந்த காரணம், மாதிரி வாங்குவதற்காகச் சுவரில் விட்டிருந்த சதுரத் திறப்பு. நான் என்றால் டப்பாவை வாங்கி, சீட்டைப் பார்த்து, "மத்தியானம் வாங்க" என்று அனுப்பிவிடுவேன். அக்கா அந்தத் திறப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பிப்பார். செருப்பு போட்டுத்தான் நடப்பீங்களா? தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பீங்களா? வீட்டுல நாய் உண்டா? கறி உள்ள வரைக்கும் வேகுமா? பின்னால் நிற்கிற வரிசை நெளியும். ஒரு தடவை ஏதோ பெரிய அதிகாரியிடம் நகம் கடிப்பீர்களா என்று கேட்டுவைத்தார். அவர் மேலிடத்தில் புகார் செய்ய, அக்காவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அக்கா எழுதியது ஒரே வரி: "கீரிப்பூச்சி அவர் விரல் வழியாகத்தான் வாய்க்குப் போயிருக்கிறது, விரலைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?" அதோடு அந்த விஷயம் அடங்கிவிட்டது. அதிகாரி அதற்குப் பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்வி.

சின்ன வயதிலேயே கல்யாணமாகி, மூத்த மகளை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவர். கணவர் வண்டி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். வேலை கிடைத்தபோது யாருக்கும் வேண்டாத மேசையைத் தலையில் கட்டினார்கள். அப்புறம் இரண்டு முறை ரத்த மேசைக்கு மாற்றித் தருகிறோம் என்று கூப்பிட்டும் அக்கா போகவில்லை. ஏன் என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"உன் மேசையில எண்ணிக்கைதான் இருக்கு. என் மேசையிலதான் ஆளுங்க இருக்காங்க" என்றார்.

ஆளுங்க என்று அவர் சொன்னது புழுக்களை. மலேரியாவும் யானைக்கால் புழுவும் ரத்தத்தில் வருவதால் என் பக்கம். மற்றபடி உருண்டைப்புழு, நாடாப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு எல்லாம் அக்காவின் ஜாபிதா. புழுவைக் குடித்தனக்காரர் என்பார். அது குடியிருக்கும் மனிதரை வீட்டுக்காரர் என்பார். ஒரு நாள் அவருடைய கணவர் போனில் அழைத்தபோது நான்தான் எடுத்தேன். "அக்கா, வீட்டுக்காரர் பேசறாரு" என்று நீட்டினால், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் "எந்தப் புழுவோட?" என்று கேட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அக்காவிடம் ஒரு நோட்டு உண்டு. மகள் பள்ளியில் பாதி எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டது. மீதிப் பக்கங்களில், பார்த்த ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்துவைத்திருந்தார். முட்டையின் மூடி, வாலின் வளைவு, ஒன்று விடாமல். அதில் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டிப்புழுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வாயிலிருந்து உள்ளே போகிற குழாய் மட்டும் ஒன்றுக்கு நீளம். மற்றதற்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை. முதலாவதன் கீழே "வாய் நீளம்: பயமில்லை" என்று எழுதியிருந்தார். இரண்டாவதன் கீழே "வாய் குட்டை: ஓடு."

"வாய் நீளம்னா பயமில்லைன்னு நீங்களே எழுதி வெச்சுக்கிட்டீங்களாக்கும்" என்று சீண்டினேன்.

"ஆமா தம்பி. வாயைத் திறக்காம அமுக்கமா உட்கார்ந்திருக்கே, அதைப் பார்த்துத்தான் பயப்படணும்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

விஷயம் விளையாட்டில்லை. நீளவாய்க் குட்டி கொக்கிப்புழுவினுடையது. கொக்கிப்புழு முட்டையாகத்தான் நம்மை விட்டு வெளியேறும். பொரிவதெல்லாம் வெளியே, மண்ணில். மற்றதற்கு ஒரு வாயில் நுழையாத பெயர் உண்டு. அக்கா அதைக் குட்டைவாய் என்றே சொல்வார். அதுவும் கொக்கிப்புழுவைப் போல வெறுங்கால் வழியாகத்தான் உள்ளே வரும். ஆனால் குட்டைவாய் குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். குட்டிகளில் சில வெளியே போகாமல் குடல் சுவரைத் துளைத்து மறுபடியும் உள்ளேயே புகுந்துகொள்ளும். அதனால் இளமையில் ஒரு தடவை ஈரமண்ணை வெறுங்காலில் மிதித்தவருக்குள் முப்பது நாற்பது வருடம்கூட அது குடியிருக்கும். உடம்பில் எதிர்ப்பு இருக்கிறவரை அடக்கமாக, எண்ணிக்கை பெருகாமல் இருக்கும். அந்த எதிர்ப்பை ஏதாவது ஒரு மருந்து தட்டிப் படுக்கவைத்தால் போதும், சில நாளில் ஆயிரமாயிரமாகப் பெருகி நுரையீரல், மூளை என்று எல்லா அறைக்குள்ளும் நுழைந்துவிடும். அப்புறம் ஆள் பிழைப்பது கஷ்டம். அப்படித் தட்டிப் படுக்கவைக்கிற மருந்துகளில் முதலாவது ஸ்டீராய்டு. மூச்சுத் திணறலுக்கு அதைத்தான் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் அக்கா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டிருக்கிறேன்.

என் அண்ணன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அதற்கு முன்னால், அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட காலத்தில், செங்கல் சூளையில் நாலு வருடம் வெறுங்காலோடு களிமண் மிதித்தார். அவர் மிதித்த மண்ணில்தான் நான் படித்து வெள்ளைக் கோட்டு போட்டேன். ஓய்வு பெற்றபின் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், உடம்பும் இளைத்தது. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆண்கள் வார்டில் பதினாலாம் கட்டிலில் சேர்த்தோம். அவருடைய ரத்தத்தை நான்தான் பார்த்தேன். நூற்றில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய இயோசினோபில் அணுக்கள் இருபத்தெட்டு இருந்தன. "அலர்ஜிதான் அண்ணி" என்று அடித்துச் சொன்னேன். நெஞ்சு டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை அண்ணி ரத்த ரிப்போர்ட் வாங்கத் திறப்பருகே வந்தார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில் அக்காவின் முழங்கை அங்கே ஊன்றிவிட்டது.

"அவருக்கு வயிறு எப்படி இருக்கு?"

"அவருக்கு நெஞ்சுதாங்க பிரச்சினை."

"நெஞ்சுக்குக் கீழதானே வயிறு இருக்கு. சும்மா சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். "வயிறு வலிக்குதுன்னுதான் சொல்றாரு. அப்புறம் இடுப்புல அப்பப்ப ஒரு சிவப்புக் கோடு வரும். அரிக்கும். காலையில ஒரு இடத்துல இருக்கும், சாப்பிட்டு எழுந்து பார்த்தா நாலு விரல் தள்ளி இருக்கும். வண்டி சீட்டோட சூடுன்னு விட்டுட்டோம்."

அக்கா நிமிர்ந்தார். "கோடு நகருதா? எத்தனை வருஷமா?"

"அது கல்யாணமான புதுசுல இருந்தே."

"சின்ன வயசுல மண்ணுல வேலை பார்த்தாரா?"

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, எங்க வீட்டு விஷயத்தை வரிசையில நிக்கிறவங்க முன்னாடி கிளற வேண்டாம்" என்று குரலை உயர்த்தினேன். அண்ணி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மாடியேறிப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்து, ஊசி போடுவதற்கு முன் ஒரு மலப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார். "அவரைச் சேர்த்த அன்னிக்கே பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு, போங்க" என்று சொல்லிவிட்டார் டாக்டர். திரும்பி வந்த அக்கா என் மேசைமேல் ஒரு காலி டப்பாவை வைத்தார்.

"கோடு நகருதுன்னா தோலுக்கடியில குட்டைவாய் ஊருதுன்னு அர்த்தம். அந்த ஒரு மாத்திரைக்கெல்லாம் அது அசையாது. வியாழக்கிழமைக்குள்ள ஒரு மாதிரி கொண்டுவா தம்பி. ஒண்ணே ஒண்ணு."

அண்ணனிடம் கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ வேலை பார்க்கிற இடத்துக்கு நான் இதை அனுப்பணுமா? உன்கூட இருக்கிறவங்க பார்க்கிறதுக்கா? மானம் போயிடும்டா." எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். அதனால் வற்புறுத்தவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை பகல் மூன்று மணிக்கு, அண்ணி அழுதபின், அண்ணன் டப்பாவைக் கொடுத்தார். அன்றைய செய்தித்தாளில் சுற்றி, மேலே நூல் கட்டி, பரிசுப்பொருள் மாதிரி.

கீழே வந்தபோது ஆய்வுக்கூடத்தில் கண்காணிப்பாளரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் எதையோ பார்வையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் அண்ணனின் டப்பாவை அக்காவிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை. அவர்கள் போகட்டும் என்று என் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். அதற்குள் காய்ச்சல் வார்டிலிருந்து ரத்தக் குழாய்கள் ஒரு தட்டு நிறைய வந்து இறங்கின. மறந்துவிட்டேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை பல் விளக்கும்போது நினைவு வந்தது. ஓடினேன். இழுப்பறைக்குள் கையை விட்டால் அடுப்புப் பக்கம் மாதிரி கதகதவென்று இருந்தது. ஜன்னலோரத்து மேசையில் காலை வெயில் முழுக்க விழும். அப்போது ஒரு காரியம் செய்தேன். டப்பாவின் சீட்டில், மாதிரி எடுத்த நேரம் என்ற இடத்தில், "வியாழன் காலை 8" என்று எழுதினேன். எழுதி, ஒன்றும் நடக்காதது மாதிரி அக்காவின் மேசையில் வைத்தேன்.

அவர் முன்னால் ஏற்கெனவே பதினேழு டப்பாக்கள் வரிசையில் இருந்தன. இதை முதலில் எடுத்தார். ஒரு துளி உப்புநீர், ஒரு குச்சி நுனியளவு மாதிரி, மேலே மெல்லிய கண்ணாடி. என் முதுகுக்குப் பின்னால் ஸ்லைடு நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாலு ஸ்லைடு பார்த்து ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் சத்தம் நின்றது.

"தம்பி, இருக்கு. உயிரோட இருக்கு. என்னமா நெளியுது பாரு."

எழுந்து போனேன். அக்கா சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எட்டு மணிக்கு எடுத்ததில்ல."

"எட்டு மணிதான்."

"ஓரமெல்லாம் காய்ஞ்சிருக்கு. சுத்தியிருக்கிறது நேத்துப் பேப்பர். தம்பி, நிஜத்தைச் சொல்லு. பழைய மாதிரின்னா கொக்கிப்புழு முட்டை வெளியிலேயே பொரிஞ்சிருக்கலாம். நேரம் தப்பா இருந்தா நான் பார்க்கிறதுக்கு அர்த்தமே மாறிடும்."

சொல்லிவிட்டேன். இழுப்பறை, வெட்கம், தூக்கம் எல்லாவற்றையும். கிழி கிழி என்று கிழிப்பார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அக்கா "சரி" என்றார். அவ்வளவுதான். அயோடின் புட்டியைத் திறந்து ஒரு துளி விட்டார். நெளிந்துகொண்டிருந்த குட்டி மெல்ல அடங்கி, பழுப்பேறி, அசையாமல் நின்றது. லென்ஸை மாற்றினார். ஓடுகிறபோது வாயைப் பார்க்க முடியாது, நின்றால்தான் முடியும். மொத்தம் நாலு குட்டிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். சுவரில் மணி பதினொன்று இருபது.

"நாலுக்கும் வாய் குட்டை" என்று எழுந்து போனை எடுத்தார்.

வார்டு நர்ஸ் எடுத்தார். "பதினாலாம் கட்டில்காரருக்கு ஊசி போடாதீங்க. வாய் குட்டை" என்றார் அக்கா, பதற்றத்தில். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "வாயா? அவரு வாய் நல்லாத்தானே இருக்கு? காலையில நாலு ரொட்டி சாப்பிட்டாரே."

"அவரு வாய் இல்லம்மா. புழு. புழு வாய்."

"ஐயோ, வாயில புழுவா?"

நர்ஸ் போனை வைத்துவிட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் மேலே நடந்ததைப் பிற்பாடு அண்ணி சொன்னார். பதினாலாம் கட்டில்காரருக்கு வாயில் புழு என்று வார்டு முழுக்கப் பரவி, பதிமூன்றாம் கட்டில்காரர் குளுக்கோஸ் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாராம். இரண்டு நர்சுகள் டார்ச் அடித்து அண்ணனின் வாயைப் பார்த்தார்களாம். அண்ணனும் ஆவென்று காட்டினாராம். அக்கா பதமாக, விவரமாகச் சொல்லியிருந்தால் சீட்டு எழுதி அனுப்பச் சொல்லி, அது எங்கேயோ கிடந்திருக்கும். இந்தக் கூத்தினால் நெஞ்சு டாக்டரே கடுகடுவென்று கீழே இறங்கி வந்தார்.

"யாரு இந்த வதந்தியைக் கிளப்பிவிட்டது?"

"நான்தான் சார். குட்டைவாய்ப் புழு இருக்கு. ஸ்டீராய்டு போட்டா அவரு தாங்க மாட்டாரு."

"மாதிரி எப்ப எடுத்தது?"

சீட்டு மேசைமேலேயே கிடந்தது. வியாழன் காலை 8 என்று என் கையெழுத்து. அதை நீட்டியிருந்தால் டாக்டருக்குச் சந்தேகமே வந்திருக்காது. அக்கா அதன்மேல் கையை வைத்து மூடினார்.

"நேத்து மூணு மணி சார்."

"இருபது மணி நேரம். கொக்கிப்புழு பொரிஞ்சிருக்கும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? இவ்வளவு நேரம் எங்க கிடந்துச்சு?"

"இங்கதான் சார்."

"இங்கன்னா?"

"இந்த ரூம்லதான்."

டாக்டர் பிடித்துக்கொண்டார். ஒரு டப்பாவை நேரத்துக்குப் பார்க்க வக்கில்லாதவர்கள் வைத்தியம் சொல்ல வருகிறார்கள் என்றார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். வரிசையில் நின்றவர்கள் திறப்பு வழியாக எட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அக்கா ஒருவருக்கும் ஒரு வார்த்தை பாக்கி வைத்ததை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர் திறக்காததற்கும் நான் திறக்காததற்கும் இருந்த வித்தியாசம் எனக்கு அங்கேயே, அந்த நிமிடமே தெரிந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "மாதிரி பழசுதான் சார். வாயைப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். பார்த்தார். அக்கா நோட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். அவர் கண்ணை லென்சுக்கும் நோட்டுக்குமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். "அடுத்தது" என்றார். அக்கா ஸ்லைடை நகர்த்தினார். நாலாவதைப் பார்த்தபின் எழுந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, படியில் இரண்டிரண்டாக ஏறி ஓடினார். அந்த ஊசி போடப்படவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள்.

அவர் ஓடியபின் நான் அக்காவிடம், "என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருந்தா, அவரு உன்னைப் பார்த்திருப்பாரு. புழுவைப் பார்த்திருக்க மாட்டாரு" என்று பதினெட்டு டப்பாக்களில் இரண்டாவதைத் திறந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணன் நடந்தே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மூச்சு இழுப்பு இல்லை. முகத்தில் சதை பிடித்திருந்தது. என் கணக்கில் இருபத்தெட்டு ஆறாக இறங்கியிருந்தது. வந்ததும் வராததுமாக, "என் தம்பி மட்டும் சரியான நேரத்துக்கு அந்த டப்பாவைக் கொண்டுவந்து சேர்க்கலைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அக்கா மெழுகிட்டு மூடிவைத்திருந்த ஸ்லைடு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

"வாங்க, உங்க குடித்தனக்காரரைப் பாருங்க."

அண்ணன் பஸ் ஓட்டுகிற தோரணையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். "இதுவா சூளையில இருந்து என்கூட வந்துச்சு? முப்பது வருஷமும் டிக்கெட் எடுக்காம பஸ்ல வந்திருக்கு பாருங்க. வாய் எங்கே இருக்கு?" அக்கா குச்சியால் படத்தில் காட்டினார். அண்ணன் திரும்பவும் குனிந்தார்.

அப்போதுதான் சொன்னேன். அவர் கண் என்மேல் இல்லாதபோது சொல்வது சுலபமாக இருந்தது. "அண்ணா, நான் நேரத்துக்குக் கொண்டுவரல. வெட்கப்பட்டு இழுப்பறையில வெச்சு மறந்துட்டேன். சீட்டுல பொய்யும் எழுதினேன்."

அண்ணன் லென்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வெட்கப்பட்டு மூணு நாள் தரல" என்றார். "நீ வெட்கப்பட்டு ஒரு நாள் தரல. இவன் ஒருத்தன்தான்டா நம்ம குடும்பத்துல வெட்கப்படாதவன்."

அக்கா சிரித்த சிரிப்பில் மேசைமேலிருந்த கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அன்று மாலைக்குள் அந்த வரியை மருந்துக்கடை, சலவைக்கூடம், மாடி வார்டு என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். யாருடைய அண்ணன், யாருடைய இழுப்பறை என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.